பழசையே மாட்டு

கிரீச்சென்று முன் சக்கரம் போட்ட சத்தத்தில் தெருநாய் ஒன்று எகிறி ஓடியது. காரை ஒர்க் ஷாப்புக்குள் விட்டதும், மெக்கானிக் சூசை சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பேடை உருவி, குணபாலன் கையில் வைத்தார். பிஸ்கட் கனத்துக்கு இருக்க வேண்டியது அப்பளமாகத் தேய்ந்திருந்தது.

"உடனே மாத்திடணும் சார். பிள்ளை குட்டியோட போற வண்டி."

குணபாலன் சிரித்தான். எந்த மெக்கானிக்கிடமும் ஏமாறாதவன் என்று ஆபீஸில் பெயர் எடுத்தவன். சர்வீசுக்கு விடும்முன் ஒவ்வொரு பாகத்திலும் மனைவியின் நகப்பூச்சால் ரகசியமாகப் பொட்டு வைப்பான். மாற்றிவிட்டதாகச் சொன்னாலும், பொட்டு வைத்த பழசு கைக்கு வந்தால்தான் காசு தருவான்.

"பிள்ளை குட்டியைச் சொல்லித்தான்யா நீங்க எல்லாருமே பயமுறுத்துறீங்க. பழசையே மாட்டு."

"நாளைக்கு மலைக்கோயில் போறதாச் சொன்னீங்களே சார். இறக்கத்துல பிடிக்காது."

"மாட்டுன்னா மாட்டு!"

திருப்பிக் கொடுக்கும்முன் அதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தான். வெறும் இரும்புதான் தட்டுப்பட்டது. அப்படியே சூசையிடம் நீட்டினான்.

வீட்டில் மனைவி சுகுணா, மறுநாள் மலைக்கோயிலில் நடக்கும் மகளின் காதுகுத்துக்குப் பட்டுப்பாவாடையை மடித்துக்கொண்டிருந்தாள். "வண்டிக்கு என்னவாம்?"

"ஒண்ணுமில்ல. ஏமாத்தப் பார்த்தான். நானா ஏமாறுவேன்?"

அவள் பெருமையாகச் சிரித்தாள். அவன் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினான்.

"காலையில பாப்பாவைக் கூட்டிக்கிட்டு நீயே ஓட்டிட்டுப் போயிடு. நான் பஸ்ல வந்துடறேன்."