காளானுக்குச் சத்தம் ஆகாது

"கோட்டைத் தாண்டாதீங்க அத்தை. கிருமி வந்துடும்."

மருமகளின் குரல் கொட்டகைக்குள்ளிருந்து வந்தது. வாசலில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே மாமியார் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் வந்து நின்ற காளான் டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டு வருஷமாக அவள் வகுப்பில் தொண்டை வறளச் சொன்னது இதைத்தான். வைக்கோலை வேகவையுங்கள், கையைக் கழுவுங்கள், கண்டவர்களையும் கொட்டகைக்குள் விடாதீர்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். காளான் வித்துப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், சேற்றுக் காலோடு கணவனையும் கோழியையும் உள்ளே விட்டார்கள். வைக்கோல் அடைத்த காளான் பைகளில் பச்சைப் பூசணம் பிடித்தது. பழி டீச்சர் தலையில் விழுந்தது.

மேலதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார். இந்தப் பருவத்தில் ஒரு வீட்டிலாவது சொன்னபடி செய்திருப்பதற்குப் படம் வேண்டும். இல்லையென்றால் காளான் வகுப்புக்குப் பூட்டு, அவளுக்குக் கோழி வளர்ப்புப் பிரிவு. அவளுக்குக் கோழி இறகைக் கண்டாலே தும்மல்.

மாமியார் டீச்சரைப் பிடித்துக்கொண்டார். தான் பெற்ற பிள்ளையைக்கூட மருமகள் உள்ளே விடுவதில்லையாம். விருந்தாளி வந்தாலும் வெளியே வருவதில்லையாம். சாப்பிட்ட கையோடு உள்ளே போனால், பொழுது சாயும்போதுதான் கதவு திறக்குமாம்.

"கூப்பிடவும் கூடாதாம். சத்தம் கேட்டா காளான் சுருங்கிடுமாம். நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாமே?"

டீச்சர் விழித்தாள். அப்படி ஒரு பாடமே கிடையாது. ஆனால் உருப்படியாகக் கிடைத்த ஒரே மாணவியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"கொஞ்சம் சுருங்கும்தான்" என்றாள்.

அதற்குள் மருமகளின் கணவன் வைக்கோல் கட்டோடு வந்தான். கோட்டருகே பச்சைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் அதை இறக்கிவிட்டு, டீச்சர் பக்கம் குனிந்தான்.

"நீங்க உள்ள போனா, உப்பு டப்பா எங்க இருக்குன்னு கேட்டுட்டு வர முடியுமா? நான் கேட்டா காளானுக்கு ஆகாது."

கதவு திறந்தது. மருமகள் கூடையோடு வந்தாள். கூடை நிறைய உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று காளான். ஒன்றில்கூடப் பச்சை இல்லை. அவள் ஒரு பக்கக் கன்னத்தில் வரி வரியாகத் தடம். பாவம், வைக்கோல் கட்டைச் சுமந்து சுமந்து முகமே இப்படி ஆகிவிட்டது என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

உள்ளே ஒரு படம் எடுக்க வேண்டும் என்றதும் மருமகளின் முகம் சுருங்கியது.

"உள்ளயா? வெளியாள் கூடாதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?"

"சொன்னவளே வர்றேன். கழுவிட்டு வர்றேன்."

டீச்சர் காலைக் கழுவினாள். முழங்கை வரை சோப்புப் போட்டாள். பையிலிருந்து வெள்ளை அங்கியை எடுத்து மாட்டினாள். மறுப்பதற்கு மருமகளிடம் காரணம் எதுவும் மிஞ்சவில்லை. கதவை ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து, டீச்சரை உள்ளே இழுத்து, தாழ்ப்பாள் போட்டாள்.

உள்ளே அரையிருட்டு. ஈரச் சாக்கின் குளிர்ச்சி. வரிசையாகத் தொங்கிய பைகளின் பக்கங்களில் கொத்துக் கொத்தாகக் காளான். டீச்சர் கைபேசியைத் தூக்கிப் பிடித்தாள். நல்ல கோணம் தேடி இரண்டடி பின்னால் போனாள். முழங்காலில் ஏதோ இடித்தது.

பிரம்பு நாற்காலி. அதன் இருக்கையில் ஒரு தலையணை. பக்கத்தில் பாதி படித்துக் கவிழ்த்து வைத்த வாரப் பத்திரிகை.

டீச்சர் நாற்காலியின் பிரம்புப் பின்னலைப் பார்த்தாள். மருமகளின் கன்னத்தைப் பார்த்தாள்.

"வெளியில சொல்லிடாதீங்க டீச்சர்" என்றாள் மருமகள். "யாரும் என்னைக் கூப்பிடாத இடம் இது ஒண்ணுதான்."

டீச்சர் கைபேசியை இறக்கினாள். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். எங்கோ நீர் சொட்டியது. வேறு சத்தமே இல்லை. எழுந்திருக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. நாற்காலி தெரியாதபடி ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

படம் மேலதிகாரிக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த வகுப்பில் டீச்சர் கிருமியைப் பற்றி வாயே திறக்கவில்லை. கரும்பலகையில் கொட்டகையை வரைந்தாள். கதவுக்குத் தாழ்ப்பாள் வைத்தாள். நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டாள். எப்போதும் கொட்டாவி விடும் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அந்தப் பருவத்தில் எந்தக் கொட்டகையிலும் பச்சைப் பூசணம் பிடிக்கவில்லை. உப்பு டப்பா இருக்கும் இடம் ஊர் ஆண்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.