ஆறாவது விரல்

பிறந்தநாள் கதைப்புத்தகத்துக்காகச் சிறுமி இளவெயினியை எதிரே உட்காரவைத்து, தாரிணி பென்சிலால் வரைந்தாள். யானைமேல் இருந்து கையசைக்கும் படம். இடது கையில் ஆறு விரல்கள். பிள்ளைக்கு இருப்பதே ஆறுதான்.

காகிதத்தை ஸ்கேனரில் வைத்ததும், வழக்கம்போலக் கணினி கோடுகளைச் சீராக்கி வண்ணம் நிரப்பியது. திரையில் ஐந்து விரல்களே இருந்தன. தாரிணி ஆறாவதை மறுபடி வரைந்தாள். கணினி மறுபடி அழித்தது.

“விட்ருங்க மேடம்,” என்றாள் சிறுமியின் அம்மா செல்வராணி. “எந்தப் போன்ல எடுத்தாலும் அஞ்சுதான் விழுது. எங்க வீட்டுல அதிர்ஷ்ட விரல்னு கொஞ்சுறோம். கேமராவுக்குத் தெரியுதா?”

இளவெயினி திரையைப் பார்த்தபடியே அந்தச் சின்ன விரலை வலது கையால் மடக்கி மறைத்துக்கொண்டாள்.

தாரிணி அதைக் கவனித்தாள். பக்கங்களை ஐந்து விரலோடே அச்செடுத்து மேசைமேல் பரப்பினாள். தூரிகையை மையில் தோய்த்தாள்.

“கையக் காட்டு பாப்பா. அது எப்படி வளைஞ்சிருக்குன்னு பாத்துத்தான் வரையணும்.”

சிறுமி தயங்கித் தயங்கி விரலை விடுவித்து நீட்டினாள். தாரிணி பக்கம் பக்கமாக ஆறாவது விரலை வரைந்துகொண்டே போனாள்.

“இதையும் கம்ப்யூட்டர் அழிச்சிருமா அக்கா?”

“தாளுக்கு அது வராது. ஆனா காயறதுக்குள்ள தொட்டா நீயே அழிச்சிருவ.”

இளவெயினி குனிந்து முதல் பக்கத்தை ஊதினாள். செல்வராணியும் பக்கத்தில் வந்து அடுத்ததை ஊதத் தொடங்கினாள்.