வாராத தலை

இன்றைக்கும் தலைவிரி கோலமாகத்தான் வந்தாள் சிட்டு.

உத்திரமேரூர் அரிசி மில் களத்தை ஒட்டித்தான் பள்ளிக்கூடம் போகிற வழி. புழுங்கல் நெல்லைக் காலால் துழாவிக் கொண்டிருந்த தேவகி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மகளை வேலி மறைவுக்கு இழுத்துக் கொண்டாள். இடுப்பில் செருகியிருந்த சீப்பை எடுத்தாள்.

"ஒங்க சின்னம்மாவுக்கு இந்த நாலு மயிர வாரி வுடக்கூட கை வராதா?"

சிட்டு அம்மாவின் முழங்கால்களுக்கு நடுவில் வாகாக உட்கார்ந்து, கொடுத்த பொரிகடலையை மென்றாள். தேவகி தேங்காய் எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, இரட்டைப் பின்னல் போட்டாள்.

"அம்மாவப் பாத்தேன்னு யார்கிட்டயும் சொல்லாத கண்ணு. சின்னம்மாகிட்டயும் சொல்லாத."

"சரிம்மா."

தேவகியையும் அவள் புருஷன் இருசப்பனையும், இனி உறவில்லை என்று துரும்பு கிள்ளிப் போட்டுத் தீர்த்து விட்டது பஞ்சாயத்து. பிள்ளை தகப்பனுக்கு. தாய்க்காரி பிள்ளையைப் பார்க்கக் கூடாது. மீறினால் பிள்ளையை மாகறலில் இருக்கிற அத்தை வீட்டுக்கு அனுப்பி விடுவது. இப்படிச் சொன்னவர் பெரியதனக்காரர் எல்லப்பன். மேடை ஏறினால் பெண்ணுரிமை பேசுகிறவர். இறங்கும்போது துண்டை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு இறங்குவார்.

இருசப்பன் அம்முலுவைக் கட்டிக் கொண்டான். சிட்டு பள்ளிக்கூடம் சேர்ந்த முதல் நாள் அம்முலு ஏதோ பேருக்குப் பின்னி அனுப்பியிருந்தாள். கோணல் பின்னல். தேவகி அதை அவிழ்த்துத் தன் கையால் வாரி விட்டாள். மறுநாளிலிருந்து அந்தக் கோணல் பின்னலும் இல்லை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், அன்று சாயங்காலம் மில் வேலை முடிந்ததும் நேராகப் பஞ்சாயத்தில் போய் நின்றாள்.

"எம்புள்ளய எங்கிட்டயே குடுத்துடுங்க நைனா. வந்தவ அதும் தலைய வாரி வுடறதே இல்ல. நாதியத்த புள்ள மாதிரி பள்ளிக்கூடம் போவுது."

கூடியிருந்த பெண்கள் ஆமாம் போட்டார்கள். தெருவே பார்த்ததுதான்.

இருசப்பன் அம்முலுவை முறைத்தான். "சாயந்திரம் வாரின தலையோடதான வருது? டீச்சரம்மா வாரி வுடறாங்கன்னு நீதான சொன்னே?"

எல்லப்பன் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு தேவகியைப் பார்த்தார்.

"அது கெடக்கட்டும். காலைல புள்ள எப்டிப் போவுதுன்னு ஒனக்கு எப்டித் தெரியும்? நீதான் பாக்கவே கூடாதே."

ஆத்திரத்தில் இதைத் தேவகி யோசிக்கவே இல்லை. கேட்க வந்தது ஒன்று; இருப்பதும் கையை விட்டுப் போகப் போகிறது.

"இன்னா, பேச்சக் காணோம்? பாத்துக்கினு கீறியா?"

"அந்தக்கா ஏன் பாக்கணும்?" என்றாள் அம்முலு. "கெணத்தாண்ட தெனம் என் தலையத்தான உருட்டிக்கினு கீறாங்க. அது காதுல வுழாமப் பூடுமா? நான் வாரலதான். காலைல எனக்கு ஒடம்பு வணங்கல. கேக்கறத என்னக் கேளுங்க."

எல்லப்பனுக்கு ஆள் கிடைத்து விட்டது. அவளை நிற்க வைத்துத் திட்டினார். "நாளையிலேர்ந்து ஒழுங்கா வாரிப் பின்னி அனுப்பணும். புள்ள தகப்பங்கிட்டயே இருக்கட்டும்" என்று தீர்ப்பும் சொன்னார். தெருப் பெண்கள் தங்கள் பங்குக்கு நாலு வார்த்தை சேர்த்தார்கள். அம்முலு எல்லாவற்றையும் தலை குனிந்து வாங்கிக் கொண்டாள்.

கூட்டம் கலைந்தது. இருசப்பன் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு முன்னால் போய்விட்டான். தேவகி ஓடிப் போய் அம்முலுவை மறித்தாள்.

"எனக்காவ எதுக்கு அத்தினி பேர்கிட்டயும் ஏச்சு வாங்கினே? நான் புள்ளயப் பாக்கறது ஒனக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியுங்க்கா. எங்க வூட்ல வெளக்கெண்ணதான். புள்ள தேங்காயெண்ண வாசனையோட வந்து நின்னுச்சு."

"தெரிஞ்சுமா தலைய வாராம அனுப்பினே?"

"நானே வாரி அனுப்பிட்டா, பள்ளிக்கூடத்துக்கு ஓடற புள்ள ஒங்கிட்ட எதுக்குக்கா ஒக்காரும்?"

தேவகி இடுப்புச் சீப்பைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

அம்முலு நாலடி நடந்து திரும்பினாள்.

"நாளையிலேர்ந்து பின்னித்தான் அனுப்பணும், பெரியவரு சொல்லிட்டாரு. லேசாத்தான் பின்னுவேன். அவுக்க ஒனக்குச் சுளுவா இருக்கும்."