இரட்டை விசில்

இருபது வருட பீடி, கண்டக்டர் பொன்னுரங்கத்தின் மூச்சைப் பாதியாக்கிவிட்டது. பின்படியில் அவர் ஊதும் விசில் டிரைவர் சீட்டை எட்டாது. "விசிலாண்ணே இது? கொசு பாடுற மாதிரி இருக்கு" என்பார் டிரைவர் சவரிமுத்து. இப்படியே போனால் வண்டியிலிருந்து இறக்கி டிப்போவில் உட்காரவைத்துவிடுவார்கள். ஓடும் வண்டியில் நின்றே பழகிய மனுஷனுக்கு அது தண்டனை. பீடியை விட்டார். ஒன்பது மாதம், அக்கம்பக்கத்தார் திட்டத் திட்ட, தினமும் மொட்டைமாடியில் ஊதிப் பழகினார்.

இன்று பேருந்து நிலையத்தில் கடைசி ஆள் ஏறியதும், கிளம்பச் சொல்லி இரண்டு விசில் கொடுத்தார். சவரிமுத்து வண்டியை எடுக்காமல் சிரித்தார்.

"அண்ணே, அங்க பாருங்க! உங்க விசில் சத்தத்துக்கு, முன்னாடி நின்ன வண்டி கிளம்பிப் போகுது!"

அந்த வண்டியின் கண்டக்டர் டீ கிளாசோடு பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். அதை நிறுத்தும் ஒற்றை விசிலுக்காக, பொன்னுரங்கம் நெஞ்சு நிறைய மூச்சிழுத்தார்.