நுரை நிற்கவில்லை

"இன்னும் ஒரு தடவை நல்லா குலுக்கிப் பாரும்மா" என்றார் பெரிய டாக்டர், போனில்.

கீழ்த்தளத்து லேப்பில் இருந்தவள் காலையிலிருந்து மூன்று முறை குலுக்கிவிட்டாள். மூன்றாம் கட்டில்காரியின் பனிக்குட நீரில் ஸ்பிரிட்டைக் கலந்து குலுக்கிக் கால் மணி நேரம் வைத்தால், குழந்தையின் நுரையீரல் முதிர்ந்திருக்கும் பட்சத்தில் மேலே நுரை வளையம் கட்டி நிற்கும். இங்கே வந்த நுரையோ, வேலை சொன்னதும் கலைகிற கூட்டம்போல் கலைந்தது.

"நுரை நிக்கலை சார். இப்ப வெளிய எடுத்தா குழந்தை மூச்சுக்குத் திண்டாடும்."

பெரிய டாக்டருக்கு வெள்ளிக்கிழமை வெளிநாட்டில் மாநாடு. தலைப்பு: தாய்-சேய் நலம். அதற்காகத் தாயும் சேயும் வியாழனுக்குள் பிரிந்தாக வேண்டும். தன் பெயரில் சேர்ந்த நோயாளியை இன்னொருவர் ஆபரேஷன் செய்வது அவருக்குப் பிடிக்காது. ஆனால் அவர் இந்த நோயாளியை இதுவரை பார்த்ததில்லை. மாதாமாதம் பார்த்ததெல்லாம் உதவி டாக்டர்தான்.

லேப்காரி என்ன படித்திருக்கிறாள் என்று போனிலேயே விசாரித்தார். சொன்னாள். அந்தப் படிப்புக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று அறிவுரை கூறி, 'முதிர்ந்தது' என்று எழுதி அனுப்பச் சொன்னார். அதை நுரைதான் சொல்ல வேண்டும், தான் சொல்ல முடியாது என்றாள் அவள்.

"வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் சார். மூச்சு போறதுக்கு அது பரவாயில்லை."

போனை வைத்துவிட்டு, 'முதிரவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு மேலே அனுப்பினாள்.

பெரிய டாக்டர் அசரவில்லை. நோயாளியே விரும்பிக் கேட்டதாக ஒரு கையெழுத்து இருந்தால் நுரையாவது, வளையமாவது! மதியம் படிவத்தோடு அவரே வார்டுக்கு வந்தார். நர்சுகள் பதறி எழுந்து நின்றார்கள். மூன்றாம் கட்டிலில் ஒருத்தி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

குரலில் தேனைத் தடவிக்கொண்டார். "ஏம்மா, லேப்ல ஒரு அரைகுறை ஏதோ எழுதி வச்சிருக்கா. அதையெல்லாம் நம்பாதீங்க. குழந்தை ஜம்முனு இருக்கு. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

அவள் வயிற்றைப் பிடித்தபடி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். படிவத்தை வாங்கி முழுதும் படித்து, மடித்து, அவர் கையிலேயே கொடுத்தாள்.

"அந்த அரைகுறை நான்தான் சார். பிரசவ லீவு கேட்டப்போ, லேப்புக்கு மாத்து ஆள் இல்லை, முடியாதுன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க."