கடும் காய்ச்சல் காரணமாக

நூற்பாலை வாசலில் இருந்த இயந்திரம் செண்பகவல்லியின் நெற்றியைச் சோதித்தது. 'காய்ச்சல் இல்லை. பொய் சொல்லி மூன்று நாள் விடுப்பு எடுத்ததற்குக் கைப்பட விளக்கம் எழுதித் தரவும்' என்றது. கதவு திறக்கவில்லை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா இறந்துவிட்டார் என்றுதான் எழுதியிருந்தாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் உண்மைக் காரணத்தை எழுதிய ஒரே லீவ் லெட்டர் அதுதான்.

"எங்கப்பாவ எரிச்ச சாம்பல் இன்னும் ஆறல சார். காய்ச்சல்னு எவன் சொன்னான்?"

மேற்பார்வையாளர் ஞானதுரை நெளிந்தார். "அது என்னம்மா செய்யும்? நாம அத்தன பேரும் எழுதுன பழைய லெட்டருகள வச்சுத்தான அதுக்குப் படிக்கச் சொல்லிக் குடுத்தாங்க. அதுல ஒருத்தராவது காய்ச்சலத் தவிர வேற எழுதிருக்கோமா? இப்ப லீவ் லெட்டர்னாலே அதுக்குக் காய்ச்சல்தான்."

"அப்ப நீங்க படிங்க. உங்களுக்குக் கண்ணு இருக்குல்லா?"

"நான் படிச்சா செல்லாதும்மா."

தாள் கிழியும்படி பேனாவை அழுத்தி எழுதினாள்: 'என் அப்பா செத்துப்போனார். நான் பொய் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க மாட்டேன்.'

இயந்திரம் தாளை விழுங்கியது. உடனே பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்தது. விளக்கக் கடிதங்களில் காலங்காலமாக எல்லோரும் எழுதிவரும் வாசகம், திரையில் அவள் பெயருக்குக் கீழே வந்து நின்றது: 'செய்த தவறுக்கு வருந்துகிறேன். இனி இவ்வாறு நடக்காது.'

"ஏத்துக்கிட்டுது பாத்தியா? உள்ள போம்மா" என்றார் ஞானதுரை.

செண்பகவல்லி அசையவில்லை.

"எங்கப்பா செத்ததுக்கு நான் மன்னிப்பு கேட்டுட்டேனா சார்?"