மஞ்சள் நிறச் சத்தம்

"அண்ணை, நான் ஆர் எண்டு தெரியுதோ?"

"புவனேந்திரன். கிச்சினில பிளேற்றை உடைச்சுப் போட்டு பழியை என்னில போடுறவன்," என்று சிரித்தார் விஜயரத்தினம்.

புவனேந்திரனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனை, மனநோய்ப் பிரிவு, 1988. காலை எட்டு மணியிலிருந்து அவன் வெளியே நடைகூடத்தில் காத்திருந்து, இப்போதுதான் உள்ளே விட்டார்கள். ஆராய்ச்சிக்காக மருந்து குடிப்பவரைப் பின்னேரம் வீட்டுக்குக் கூட்டிப் போக ஒருவர் வர வேண்டும் என்பது விதி. இருவரும் ஒரே உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவர்கள். ஒன்றரை வருடமாக ஒரே அறையில் இருக்கிறார்கள். அதனால் விஜயரத்தினம் அவனைத்தான் அழைத்து வந்திருந்தார்.

"என்ன மருந்து குடுத்தவங்கள்?"

"மெஸ்கலின். கள்ளிச் செடி ஒண்டில இருந்து முதல் எடுத்தது. மனம் குழம்பினவை காணுறதை நல்ல ஆக்களும் கொஞ்ச நேரம் காணலாம். அந்த நேரம் மூளைக்குள்ள என்ன நடக்குதெண்டு இவை பாக்கினம்."

"உதெல்லாம் உங்களுக்கு ஆர் சொன்னது?"

"வாசிச்சனான்."

"காசு தந்தவங்களோ?"

"வேண்டாமெண்டிட்டன்."

புவனேந்திரன் தலையில் கை வைத்தான். "அடுத்த கிழமை உங்களுக்கு அகதி விசாரணை. இந்த நேரத்தில விசர் ஆஸ்பத்திரியில வந்து படுத்தால் அவங்கள் என்ன நினைப்பாங்கள்? உங்கட மனுசி இராஜேஸ்வரி அக்கா மெட்ராசில இருந்து கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?"

"நல்லாச் செய்தாரெண்டு சொல்லு."

பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையைப் போல அவர் அதைச் சொன்னது புவனேந்திரனுக்கு எரிச்சலாக இருந்தது.

"அப்பிடி என்னத்தைக் கண்டனீங்கள்?"

விஜயரத்தினம் கண்களை மூடிக்கொண்டார்.

"முதல்ல சுவர் மூச்சு விட்டுது. பிறகு ஹீற்றர் இரையிற சத்தம் மஞ்சள் நிறமாத் தெரிஞ்சுது. கேக்கேல்லைத் தம்பி, கண்ணுக்குத் தெரிஞ்சுது. மணிக்கூட்டில ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் இடையில ஒரு முழுப் பின்னேரம் கிடந்தது. ஒரு கட்டத்தில கட்டில் எங்க முடியுது, நான் எங்க தொடங்கிறன் எண்டே பிடிபடேல்லை. பயந்து போனன். அழுதனான்."

"பிறகு?"

"அழுதழுதும் வாயை மூடேல்லை. எந்த நிறம், எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், எல்லாம் ஒழுங்காச் சொன்னன். ஒரு இடத்தில புரொபெசர் எழுதுறதை நிப்பாட்டி, இவ்வளவு துல்லியமா ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை எண்டார். இந்த நாட்டுக்கு வந்து நாலு வருசம். நான் சொன்னதை ஒருத்தர் எழுதி எடுத்தது இண்டைக்குத்தான்."

அவர் தன் கைகளை விரித்துப் பார்த்தார். சவர்க்காரத் தண்ணீரில் தோல் வெடித்த கைகள்.

"இந்தக் கை கண்ணாடி மாதிரித் தெரிஞ்சுது. உள்ளுக்க எலும்பு, நரம்பு, இரத்தம் ஓடுறது. என்ன வடிவான கை."

புவனேந்திரன் அந்தக் கைகளைப் பார்த்தான். மனிதருக்கு மருந்து இன்னும் இறங்கவில்லை என்று நினைத்தான்.

அப்போது பேராசிரியர் உள்ளே வந்தார். விஜயரத்தினத்தின் கையைப் பிடித்துக் குலுக்கி, அடுத்த மாதம் இன்னொரு தடவை வர முடியுமா என்று கேட்டார்.

புவனேந்திரன் இருவருக்கும் நடுவில் போய் நின்றான். தனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் சொன்னான்: "இனி வரமாட்டார். இவர் பாத்திரம் கழுவுகிறவர். நீங்கள் கையெழுத்து வாங்கிய தாளில் என்ன இருக்கிறதென்றே இவருக்குத் தெரியாது. ஓர் அப்பாவியை ஏன் இதற்குப் பிடித்தீர்கள்?"

விஜயரத்தினம் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். பேராசிரியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காண்பதைப் பிழையில்லாமல் கவனித்துச் சொல்ல வேண்டும் என்பதால், இந்த ஆராய்ச்சிக்கு நாங்கள் வைத்தியர்களை மட்டும்தான் எடுக்கிறோம்," என்றார் அவர். "யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் சத்திரசிகிச்சை செய்தவர் இவர், உங்களிடம் சொல்லவில்லையா?"